நீலகிரியில் காட்டுயிர்ப் படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்புவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிறந்தால் கோத்தகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது கேமராவையோ போனையோ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அண்ணா, லண்டன் போட்டிக்கு அனுப்பணும். புலி இல்லாம அனுப்பினா எடுத்துப்பாங்களா?" இதுதான் எப்போதும் முதல் கேள்வி.

அவர்கள் சொல்வது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியை. 1965இல் தொடங்கியபோது வந்தவை சில நூறு படங்கள்தான். 2024இல் முடிவு அறிவித்த 60ஆவது போட்டிக்கு 117 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து 59,228 படங்கள் வந்தன. இவ்வளவு கூட்டத்தில் நம் படம் எங்கே தெரியப்போகிறது என்று தோன்றுவது இயல்புதான். அந்தப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு படங்களைக் காட்டுவேன்.

முதலாவது 2021இல் இளையோர் பிரிவின் பெரிய பட்டத்தை வாங்கியது. எடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த வித்யுன் ஹெப்பார், அப்போது வயது 10. சுவர் இடுக்கில் கூடாரம் போல வலை கட்டிய ஒரு சிலந்தி, பின்னால் கடந்துபோகும் ஆட்டோவின் வண்ணங்கள் கலங்கலாகத் தெரியும். படத்தில் இருப்பது அவ்வளவுதான். இரண்டாவது 2023இல் முதுகெலும்பற்ற உயிர்கள் பிரிவில் வென்ற ஸ்ரீராம் முரளியின் படம். பொள்ளாச்சியை ஒட்டிய ஆனைமலை புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் மரம் முழுக்க ஒளிரும் காட்சி அது. 19 விநாடி வீதம் 50 முறை பதிவுசெய்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். புலிகள் காப்பகத்தில் எடுத்த படம், ஆனால் வென்றது மின்மினி. சரி, புலியை மறந்துவிட்டுத் தொடங்குவோம்.

முதல் படி: உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

விலங்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது, அரை மணி நேரத்தில் நடந்து போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்தின் ஓரம், ஒரு சதுப்பு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு சோலை, வீட்டு வேலி, எதுவானாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை மசினகுடி போய் ஜீப்பில் சுற்றிவிட்டு வருபவருக்குக் கிடைப்பதைவிட, ஒரே சோலையோரத்தில் நாற்பது காலை நின்றவருக்குக் கிடைப்பது அதிகம். ஒளி எந்த நேரத்தில் எந்தக் கிளையில் விழும், எந்தக் குருவி எந்தக் கல்லில் உட்காரும் என்பதெல்லாம் நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு வாய்த்த இடம் லாங்வுட் சோலையின் சுற்றுப்புறம். கோத்தகிரி ஊரை ஒட்டிய 116 ஹெக்டேர் காடு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024 ஜனவரியில் இது சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் ஓரத்துச் சாலையில் நின்றாலே நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையின் குரல் காதை நிறைக்கும்.

இரண்டாம் படி: விலங்கைப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாட்கள் செலவாகும், ஆகவும் வேண்டும். நீலகிரியில் எந்த உயிரை எப்படி அணுகலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

வரையாடு நம் மாநில விலங்கு. வனத்துறையின் 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் பதிவாயின. அதற்கு முந்தைய ஆண்டு 1,031. இதன் பெரிய புகலிடமான முக்குருத்தி தேசியப் பூங்காவின் பெரும்பகுதிக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. குட்டி போடும் பருவமான ஜனவரி முதல் மார்ச் வரை போக நினைக்கவே வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில், ஒன்பதாவது வளைவுப் பக்கம், மனிதர்களுக்குப் பழகிய வரையாடுகள் பாறையில் நிற்பதைப் பார்க்கலாம். அங்கே எல்லோரும் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்கிறார்கள். நீங்கள் பின்வாங்கி, பாறையையும் பள்ளத்தையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். வயதான கிடாவின் முதுகில் சேணம் போட்டது போல வெளிர் பட்டை இருக்கும். கருமையான உடலில் அந்த ஒரு பட்டை மட்டும் மூடுபனியில் தனித்துத் தெரியும் கணம் வரும். அதற்காக ஒரு காலை முழுவதும் காத்திருக்கலாம். வரையாட்டு ஆய்வுக்கு முன்னோடியான ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகத்தான் அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறோம்.

காட்டெருமையைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வரும். குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் மாலை நாலு மணிக்குமேல் புல் மேயக் கூட்டமாக இறங்கும். கறுத்த உடல், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம். வரிவரியான தேயிலைப் பச்சைக்கு நடுவே அதை எடுப்பது சுலபம் போலத் தெரிந்தாலும், ஊரில் எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கிறது. உங்கள் படத்தில் புதிதாக ஏதாவது வேண்டும்: கன்றுக்கும் தாய்க்கும் இடையில் நடப்பது, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆட்களும் அதுவும் ஒரே ஃபிரேமில் இருப்பது, மழையில் முதுகிலிருந்து எழும் ஆவி.

கருமந்தி காலையில் 'ஹூ ஹூ' என்று கத்தும்போதே அது எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கறுப்பு முகம், கறுப்பு உடல், பழுப்பேறிய தலைமுடி. பின்னால் வெளுத்த வானம் இருந்தால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். மரத்துக்கு மேலே ஏறும் சரிவில் நின்று, கண் மட்டத்தில் பச்சைப் பின்னணியோடு எடுங்கள்.

சோலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பறவைகள்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். நீலகிரி சோலைக்கிளி என்று ஒன்று உண்டு. பெயரில்தான் கிளி, உண்மையில் தரையோரம் தத்தித் திரியும் கருநீலக் குருவி. வயிற்றோரம் செம்பழுப்பு. இதே குடும்பத்து உறவு பழனி மலையில் இருக்கிறது, அதற்கு வயிறு வெள்ளை. பாலக்காட்டுக் கணவாய் நடுவில் பிரித்ததால் இரண்டும் வேறு வேறு இனமாகிவிட்டன. சிரிப்பான்களும் அப்படியே, நீலகிரிக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. கொடைக்கானலில் எடுத்த படத்துக்கு நீலகிரிப் பறவையின் பெயரைப் போட்டு அனுப்பினால் விவரம் தெரிந்த நடுவர் அங்கேயே நின்றுவிடுவார். பெயரைச் சரிபார்க்காமல் அனுப்பவே கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வேலி ஓணானைத்தான். சலீயா என்று சொல்வார்கள், ஊட்டித் தோட்ட வேலிகளில் இருக்கும் பச்சை மலை ஓணான். குளிர் ரத்தப் பிராணி என்பதால் காலை வெயில் வந்ததும் செடியின் உச்சியில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு அசையாமல் உட்காரும். போன் கேமராவுக்குக்கூட நேரம் கொடுக்கும் விலங்கு அது. உலகத்தில் இந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத ஓர் உயிர், நம் வீட்டுச் செடியில் உட்கார்ந்திருக்கிறது. புலிக்குக் காத்திருக்கும் பொறுமையோடு அதை எடுத்தவர்கள் எத்தனை பேர்?

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்தால் நாடு முழுக்க அழிவின் விளிம்புக்குப் போன பறவை இது. 2006இல் அந்தக் கால்நடை மருந்து தடை செய்யப்பட்டது. கூட்டை எடுக்காதீர்கள், கூடு இருக்கும் மரத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள். வானத்தில் வட்டமிடும்போது எடுங்கள், அது போதும்.

மூன்றாம் படி: அனுமதி

1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி வேண்டும். முதுமலையில் வனத்துறை வண்டிச் சவாரி தெப்பக்காட்டிலிருந்து போகிறது, அதில் போங்கள். வேறு யாராவது 'உள்ளே கூட்டிப் போகிறேன், சிறுத்தை காட்டுகிறேன்' என்றால் போகாதீர்கள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை முதுமலைச் சாலையில் போக்குவரத்துத் தடை உண்டு. காட்டுக்குள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. தானியங்கிக் கேமராவை வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. சொந்தத் தோட்டத்திலோ, உரிமையாளர் எழுத்தில் சம்மதித்த தோட்டத்திலோ கட்டலாம். அனுமதிச் சீட்டைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் கேட்பார்கள்.

நான்காம் படி: இந்த மலைக்கேற்றபடி கேமராவை வையுங்கள்

மூடுபனியில் கேமரா ஏமாறும். ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கூட்டல் பக்கம் ஒன்று வரை தள்ளுங்கள். காட்டெருமையோ கருமந்தியோ ஃபிரேமை நிறைத்தால் இதற்கு நேர்மாறு. கறுப்பைச் சாம்பலாக்க முயன்று, பின்னால் இருக்கும் இலைகளை வெளுக்க வைக்கும். அப்போது கழித்தல் பக்கம் முக்கால் அல்லது ஒன்று. ஒவ்வொரு முறையும் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள், திரையின் பளபளப்பை நம்ப வேண்டாம்.

சோலைக்குள் உச்சி வெயிலிலும் இருட்டு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200 வைக்கப் பயப்படாதீர்கள். அசையாத பறவைக்கு ஷட்டர் வேகம் 1/125 விநாடி போதும், நடக்கும் வரையாட்டுக்கு 1/500, பறக்கும் பாறு கழுகுக்கு 1/1600. புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சரிசெய்துகொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸ் விஷயத்தில் கடன் வாங்கி 600 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. 70-300 மி.மீ. போதும் பெரும்பாலானவற்றுக்கு. ட்ரைபாட் இல்லையென்றால் பழைய துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள், கல்லின் மேலோ மதிலின் மேலோ வைத்து எடுக்கலாம்.

இன்னொன்று, லென்ஸில் பூஞ்சை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஆக, ஏறக்குறைய ஆறு மாதம் நம் வீட்டு பீரோவில் ஈரம்தான். கேமராவை அதன் தோல் பையில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நல்ல வரவேற்பு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை வெயிலில் எடுத்துக் காட்டுங்கள். உறைபனிக் காலத்தில் வெளியில் எடுத்த கேமராவை அப்படியே அடுப்படிப் பக்கம் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க நீர் கோக்கும். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும், அப்புறம் திறக்கலாம்.

ஐந்தாம் படி: தூரம்

பல வருடங்களுக்கு முன் ஒரு சோலையோரத்தில் சின்னக் குருவி ஒன்றின் கூட்டைப் பார்த்தேன். மறைக்கிறது என்று இரண்டு இலைகளை விலக்கிக் கட்டினேன். மறுநாள் காலை கூடு காலி. விலக்கிய இடைவெளி வழியாக ஏதோ ஒன்று முட்டைகளைப் பார்த்துவிட்டது. அன்று எடுத்த படங்கள் நன்றாகவே இருந்தன. ஒன்றைக்கூட எங்கும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு கூட்டின் பக்கம் நான் போவதில்லை.

குருவியின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். உயிருள்ள இரையைக் கட்டிவைத்து எடுப்பது போட்டி விதிப்படியும் தவறு, அறத்தின்படியும் தவறு.

காட்டெருமை விஷயத்தில் கவனம் இன்னும் அதிகம் தேவை. மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நில்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தன் பருமனைக் காட்டினால், மூச்சைச் சீறலாக விட்டால், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கரடிக்கும் தனியாகத் திரியும் யானைக்கும் இந்த விளக்கமெல்லாம் கிடையாது. கண்டதும் திரும்பிவிட வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்காமல் போகாதீர்கள். "தம்பி, ஒத்தக் காட்டெருமை ஒண்ணு ரெண்டு நாளா மேல் காட்டுல நிக்குது, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று ஒருமுறை கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தடுத்தார். நான் போகவில்லை. மாலையில் அதே காட்டெருமை அந்த ஒற்றையடிப் பாதையின் நடுவில் நின்றதைக் கீழ்ச் சாலையிலிருந்து எடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று. படம் பிரிண்ட் போட்டதும் முதல் பிரதி அந்த அக்காவுக்குத்தான் போனது.

ஆறாம் படி: எதை அனுப்புவது

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று பட்ட குளிரும் கால் வலியும் படத்துக்கு மதிப்பைக் கூட்டிவிடும். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அப்போதும் கண் நிற்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நான் என்னையே மூன்று கேள்வி கேட்பேன். இந்த விலங்கு இதில் என்ன செய்கிறது? இது எங்கே வாழ்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? இதே படத்தை நான் வேறு எங்காவது பார்த்திருக்கிறேனா? முதல் இரண்டுக்குப் பதில் இருந்து, மூன்றாவதுக்கு இல்லை என்று வந்தால் எடுத்து வைப்பேன். கண்ணில் ஃபோகஸ் இல்லாத படம் எவ்வளவு அரிய விலங்கானாலும் வெளியே.

நம் மலைக்கே உரிய ஒரு விஷயம், மனிதரும் விலங்கும் பகிர்ந்துகொள்ளும் இடம். மும்பையில் குடியிருப்பையொட்டிய சந்தில் நடக்கும் சிறுத்தையை நயன் கனோல்கர் எடுத்த படம் 2016இல் லண்டன் போட்டியின் நகர்ப்புறப் பிரிவில் வென்றது. மேற்கு வங்கத்தில் நெருப்பு எறியப்பட்டு ஓடும் யானையும் குட்டியும் இருந்த பிப்லப் ஹஸ்ராவின் படம் 2017இல் சாங்க்சுவரி என்ற இந்திய இயற்கை இதழின் விருதைப் பெற்றது. இரண்டாவது படத்தைப் பார்க்கவே மனம் வலிக்கும். ஆனால் அந்தப் படம் சொல்லாமல் விட்டிருந்தால் பலருக்கு அது தெரிந்திருக்காது. குன்னூரில் தெருவிளக்கடியில் கரடி நடக்கிறது, குப்பைத் தொட்டியில் காட்டெருமை பிளாஸ்டிக்கை மெல்கிறது. இவற்றை எடுப்பதில் தயக்கம் வேண்டாம். அழகாக மட்டும் காட்டினால் பாதிதான் காட்டியதாகும்.

ஏழாம் படி: எந்தப் போட்டி

லண்டன் போட்டிக்கு வழக்கமாக அக்டோபரில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். பெரியவர்கள் 25 படங்கள் வரை அனுப்பலாம், அதற்குக் கட்டணம் உண்டு. 17 வயது வரையுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 10 வயது வரை, 11 முதல் 14, 15 முதல் 17 என மூன்று பிரிவுகள், ஆளுக்கு 10 படங்கள். இந்தியாவில் சாங்க்சுவரி விருதுகளும், பெங்களூரை மையமாகக் கொண்ட நேச்சர் இன்ஃபோகஸ் விருதுகளும் நல்ல பெயர் பெற்றவை. முதல் வருடம் இந்தியப் போட்டிகளுக்கு அனுப்பிப் பழகுங்கள். விதிகளை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் படியுங்கள். பரிசு பெறாத படத்தின் உரிமையையும் கேட்கும் போட்டி எதுவானாலும் அதற்கு அனுப்ப வேண்டாம்.

எட்டாம் படி: ஃபைலும் குறிப்பும்

வெளிச்சம், நிறம், மாறுபாடு ஆகியவற்றைச் சரிசெய்யலாம், கொஞ்சம் கிராப் செய்யலாம். ஒரு கிளையை அழிப்பதோ, நிலாவைச் சேர்ப்பதோ, செயற்கை நுண்ணறிவால் எதையும் உருவாக்குவதோ கூடாது. வாட்டர்மார்க், பார்டர், பெயர் எதுவும் படத்தின்மேல் இருக்கக் கூடாது.

நேர்மை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் போட்டியிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 2009இல் வென்ற, கேட்டைத் தாண்டும் ஓநாய் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று முடிவுசெய்து பட்டத்தைத் திரும்ப எடுத்தார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னி (ஆன்ட்ஈட்டர்) படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள், 2018இல் அதுவும் போனது. பழக்கிய விலங்கு, வளாகத்துக்குள் இருக்கும் விலங்கு என்றால் குறிப்பில் அப்படியே எழுதுங்கள். தெப்பக்காடு முகாம் யானையைக் காட்டு யானை என்று எழுதக் கூடாது.

மூல ஃபைலை அழிக்காதீர்கள். ஒரு போட்டியில் என் படம் அடுத்த சுற்றுக்குப் போனது. ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்த மூல ஃபைலை, அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று முந்தைய மாதம்தான் ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தேன். அத்தோடு அந்தப் படம் முடிந்தது. இன்று இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வைக்கிறேன். நீங்களும் தம்பி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பிரதி வையுங்கள்.

குறிப்பு எழுதும்போது 'இயற்கையின் அற்புதம்' மாதிரியான தலைப்புகளை விட்டுவிடுங்கள். என்ன விலங்கு, எந்த மாதம், அது என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று ஐந்து வரியில் எழுதினால் போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதிவிட்டு, பள்ளி ஆசிரியரிடம் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இடத்தை மாவட்ட அளவில் சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். படத்தின் ஜிபிஎஸ் விவரத்தையும், விதி அனுமதித்தால், நீக்கிவிட்டு அனுப்புங்கள். கருஞ்சிறுத்தையின் ஒரு படம் வெளியானதும் அந்தத் தோட்டத்துக்கு வரிசையாகக் கார்கள் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். டிசம்பர் மாலையில் இங்கே மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நவம்பர் கடைசி வாரத்தில் அனுப்பிவிட்டு, ரசீது மின்னஞ்சல் வந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடியும் உங்கள் வேலிக்குப் போகலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலை, ஏழரை மணி வெயிலுக்கு ஓணான் வெளியே வந்து உட்காரும்.